இடுப்பளவு வளர்ந்த வைத்தியக் கூலி

வேங்கை நாட்டில் மகரகேது என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் சட்டம் போட்டால் அது காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை.

அந்த வருஷம் ஊரெல்லாம் ஒரே புலம்பல். வைத்தியர்கள் கூலியை ஏற்றிக்கொண்டே போனார்கள். கட்டுப் போட ஒரு பணம் வாங்கியவர் இரண்டு கேட்டார். "திப்பிலி விலை ஏறிவிட்டது" என்றார். திப்பிலி விலை இறங்கியது. கூலி இறங்கவில்லை.

ராஜா யோசித்தார். விளைச்சல் எவ்வளவு கூடுகிறதோ, அந்த அளவுக்குத்தான் குடிமக்கள் கையில் காசு கூடும். வைத்தியக் கூலியும் அதற்கு மேல் ஏறக் கூடாது. யோசனையில் குறை ஒன்றுமில்லை. அதை அழகாகச் சொல்லப் போய்த்தான் வம்பு வந்தது.

"நம் நாட்டில் நெல் வளரும் அளவுக்கு மேல் வைத்தியக் கூலி வளரக் கூடாது!" என்று முரசறையச் சொல்லிவிட்டார்.

சபை ஆகா என்றது. ராஜாவின் பக்கத்தில் எப்போதும் இருக்கும் தத்தன் மட்டும் தலையைச் சொறிந்தான். வாயாலேயே பிழைக்கிறவன் அவன். அடுத்தவர் வாயில் வரும் சொல் எந்தப் பக்கம் வழுக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"என்ன தத்தா, பிடிக்கவில்லையா?"

"ரொம்ப அழகாக இருக்கிறது மகாராஜா. அதுதான் பயமாக இருக்கிறது."

ராஜா சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து, தத்தன் பாய் வாங்கப் பொன்னுருவி வீட்டுக்குப் போனான். ஊரிலேயே நல்ல கோரைப்பாய் நெய்கிறவள் அவள். போனால், வாசலில் கோரை காய்ந்து கிடந்தது. உள்ளே தறியைக் காணோம். அவள் புருஷன் தரையில் படுத்திருந்தான். கால் புண்ணாகி, பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"தறி எங்கே அம்மா?"

"தலைமை வைத்தியர் வீட்டில் இருக்கு ஐயா. ஒரு கட்டுக்கு இருபது பணம்னு சொன்னார். தறியைக் கொடுத்தேன். ரெண்டு கட்டுப் போட்டார். மறுபடி வரணும்னா வேற ஏதாவது கொண்டு வான்னு சொல்றார். தறியும் இல்லாம நான் எதைக் கொடுப்பேன்? காலையே எடுக்க வேண்டி வருமோன்னு பயமா இருக்கு."

தத்தன் பாயை மறந்தான். நேரே சபைக்கு நடந்தான். நடக்க நடக்க அவனுக்குக் கோபம் ஏறியது.

விஷயத்தைக் கேட்ட ராஜா, தலைமை வைத்தியர் பஞ்சநதத்தை உடனே வரவழைத்தார். அவர் என்ன சொல்வார் என்று ஊகித்த தத்தன், அவர் வருவதற்குள் வெளியே போய் ஓர் ஏற்பாடு செய்துவிட்டு வந்தான். பஞ்சநதம் பதறவே இல்லை. ஒரு கையில் நாற்று, மறு கையில் முற்றிய நெற்பயிர், இரண்டையும் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மகாராஜா, நடும்போது இது ஒரு சாண். மூன்றே மாதத்தில் பாருங்கள், இடுப்பளவு. கதிரை எண்ணினால், ஒரு நெல் நூறு நெல்லாகியிருக்கிறது. நான் கூலியைப் பத்து மடங்குதான் ஏற்றினேன். தங்கள் சட்டத்துக்கு உட்பட்டு, அதற்கும் கீழேயே நிற்கிறேன்!"

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. முரசறைந்த சொல்லைத் திரும்ப வாங்கினால் நாளைக்கு அவர் சொல்லை எவன் மதிப்பான்? தத்தனைப் பார்த்தார்.

தத்தன் பஞ்சநதத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டான்.

"வைத்தியர் சொன்னதுதான் சரி மகாராஜா. அவர் கூலி நெல்லேதான்." பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "வாங்கப்பா!"

அரிவாளும் சாக்குமாகப் பத்து ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

"யார் இவர்கள்?" என்றார் பஞ்சநதம்.

"அறுப்பு ஆட்கள். உங்கள் வீட்டுக்குத்தான் போகிறார்கள்."

"என் வீட்டில் ஏது வயல்?"

"கூலிதான் வளர்ந்து நிற்கிறதே! இடுப்பளவு வந்து முற்றியும்விட்டது என்று நீங்களே சொன்னீர்கள். முற்றிய பயிரை அறுக்காமல் விடலாமா? பாழாய்ப் போகாதா?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பஞ்சநதத்துக்கு வியர்த்தது. "அ... அறுத்தது யாருக்கு?"

"விதைத்தவர்களுக்கு. தறியும் பணமுமாக உங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு."

"அப்போது எனக்கு?"

"அறுத்த பிறகு வயலில் மிஞ்சும் அடித்தாள் இருக்கும். சட்டம் வந்த அன்றைக்கு இருந்த பழைய கூலி. அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள்."

"சட்டப்படி சரிதான்!" என்றார் ராஜா.

பஞ்சநதம் பல்லைக் கடித்தார். "போகட்டும். ஒரு தடவைதானே? அறுத்தால் மறுபடி வளராதா என்ன?"

"பேஷாக வளர்த்துக்கொள்ளுங்கள்" என்றான் தத்தன். "நம் மண் முப்போகம் விளையும் வைத்தியரே. வருஷத்துக்கு மூன்று தடவை ஆள் அனுப்புகிறேன்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. அதை எடுத்து மாட்டிக்கொள்ளவும் தோன்றாமல், கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தத்தன் மேல் வீசினார்.

அன்று சாயங்காலமே தறி பொன்னுருவி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே பஞ்சநதமும் வந்தார். குனிந்து உட்கார்ந்து, பழைய கூலிக்கே கட்டுப் போட்டார். கை மட்டும் கெட்டிக்காரக் கை, அதைச் சொல்லத்தான் வேண்டும். புண் ஆறியது. தை மாதச் சந்தைக்குப் பொன்னுருவியின் புருஷன் பாய்க்கட்டைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தே வந்தான்.