ஒன்பதாம் படுக்கையின் இடது கால்

பட்டப்படிப்பின் கடைசி வருடத்துக்குப் போவதற்கு நிபந்தனைகள் மொத்தம் பதினேழு. மருத்துவமனையோடு ஒட்டியிருந்த அந்தக் கல்லூரியில் அவற்றை வரிசை மாறாமல் ஒப்பிக்கக் கூடியவர் மாசானம் ஒருவர்தான். முதல்வருக்கே பத்துக்கு மேல் தெரியாது.

நலவாழ்வு அறிவியல், இளநிலைப் பட்டம். மூன்று வருடம் எல்லாருக்கும் பொதுப் பாடம். நாலாவது வருடம் ஆளுக்கொரு சிறப்புப் பிரிவு. இதயம், டயாலிசிஸ், அவசர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர் என்று போகும் பட்டியல்.

மாசானம் அதே மருத்துவமனையில் பதினோரு வருடம் தியேட்டர் அட்டெண்டராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தார். கூடப் படித்த பிள்ளைகள் அவரை அண்ணாச்சி என்றார்கள். பாடம் நடத்திய தாஹிரா மேடம் அவரைவிட ஐந்து வயது இளையவர். மாசானத்துக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவருடைய கவலையெல்லாம் பன்னிரண்டாவது நிபந்தனைதான். சிறப்புப் பிரிவில் சேரும்போது முப்பத்தெட்டு வயது தாண்டியிருக்கக் கூடாது. அவருக்குத் தை மாதம் முப்பத்தெட்டு முடிகிறது. இந்த வருடம் விட்டால் பிறகு கிடையாது.

விண்ணப்பம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். மாலை நாலு மணி வரை.

பதினாறு நிபந்தனைகள் முடிந்திருந்தன. மீதி இருந்தது பதினாலாவது. முந்நூறு நோயாளிகளைப் பரிசோதித்து எழுதிய செய்முறைப் பதிவேடு, ஆசிரியர் கையெழுத்தோடு. மற்ற ஆசிரியர்கள் கடைசிப் பக்கத்தைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். தாஹிரா முதல் பக்கத்திலிருந்து படிப்பார். அதனால் அவரிடம் மாட்டியவர்களைப் பார்த்து மற்றவர்கள் உச்சுக்கொட்டுவது வழக்கம்.

காலை பத்து மணிக்கு மாசானம் பதிவேட்டையும் விண்ணப்பப் படிவத்தையும் மேசைமேல் வைத்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். இதயப் பிரிவுக்கும் எனக்கு மார்க் இருக்கு. தியேட்டர் பிரிவுக்கும் இருக்கு. எனக்கு எது பொருந்தும்னு நீங்கதான் சொல்லணும்."

தாஹிரா பதிவேட்டைத் திறந்தார்.

"முந்நூறும் முடிச்சிட்டீங்களா?"

"முந்நூத்தி நாலு, மேடம்."

அவர் படித்தார். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் போனது. மாசானம் நின்றபடியே இருந்தார். கடைசியில் ஒரு பக்கத்தில் தாஹிராவின் விரல் நின்றது.

"ஒன்பதாம் படுக்கை. வன்னியப்பெருமாள், வயசு அறுபத்திரண்டு. இவரைத் தெரியுமா?"

"தெரியும், மேடம். சுகர், காய்ச்சல். மூணு நாளா இருக்கார்."

"பாதத்துல நாடி ஓடுதான்னு தினம் ரெண்டு தடவை பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கார். பார்த்தீங்களா?"

"பார்த்தேன், மேடம். வலது உண்டு, இடது உண்டு."

பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. முதல் நாள் 'உண்டு, உண்டு'. அதன் கீழே ஐந்து முறை 'மேற்படி'.

"எந்தக் கால்ல நல்லாக் கிடைச்சுது?"

மாசானம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசித்தால் சந்தேகம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

"இடது கால்ல, மேடம். தெளிவாவே இருந்துச்சு."

தாஹிரா எழுந்தார்.

"வாங்க."

வார்டு நிறைய ஆள். ஒன்பதாம் படுக்கையில் வன்னியப்பெருமாள் மார்பு வரை போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கத்தில் அவர் மனைவி பகவதி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

தாஹிரா பதிவேட்டை வன்னியப்பெருமாள் காதில் விழும்படி வாசித்தார்.

"இடது பாதம், நாடி உண்டு. மாசானம், எனக்கு ஒரு தடவை காட்டுங்க."

மாசானம் படுக்கையின் கால்மாட்டுக்குப் போய் இடது பக்கம் போர்வையைத் தூக்கினார்.

முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அவர் போர்வையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். வெறும் விரிப்புத்தான் தெரிந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வாங்க தம்பி," என்றார் வன்னியப்பெருமாள். "மூணு நாளா என் காலைப் பிடிச்சுப் பாத்தது நீங்கதானா? அது எங்க இருக்குன்னு சொல்லுங்க. ஆறு வருஷமா நானும் தேடுதேன்."

பத்தாம் படுக்கைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இருமல் வந்துவிட்டது. பகவதி மட்டும் சிரிக்கவில்லை. சாத்துக்குடியைக் கையில் வைத்துக்கொண்டு மாசானத்தையே பார்த்தாள்.

மாசானத்துக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. மூன்று நாளும் அவர் இந்தப் படுக்கைப் பக்கமே வரவில்லை. வாசலில் நர்ஸ் மேசையில் படுக்கைப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினார். இருபது படுக்கைக்கும் நாலு நிமிடம். மீதி நேரம் இதயப் பிரிவுப் பாடங்களைப் படித்தார். அவர் எழுதியதைப் பார்த்து நர்ஸும் கேஸ் ஷீட்டில் அப்படியே ஏற்றிவிட்டிருந்தார். பதினோரு வருடம் இங்கே இருந்த மனிதர், தப்பாகவா எழுதுவார் என்ற நம்பிக்கைதான்.

"வலது காலைப் பாருங்க," என்றார் தாஹிரா.

மாசானத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஒரு காலாவது இருக்கிறதே. வலது பக்கம் போர்வையை விலக்கி, பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தார்.

பாதம் குளிர்ந்திருந்தது.

வைகாசி வெயில். மின்விசிறி அனல்காற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதம் மட்டும் சில்லென்று இருந்தது. அவர் விரலைக் கொஞ்சம் நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். கணுக்காலுக்குப் பின்னால் வைத்து அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு அறுபது வரை எண்ணினார். தன் விரலில் ஓடும் நாடிதான் அவருக்குத் தட்டுப்பட்டது.

உண்டு என்று சொல்லிவிடலாம். மூன்று நாளாகச் சொன்னதுதான். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது.

"இல்லை, மேடம்," என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

தாஹிரா அவரைத் தள்ளிவிட்டுத் தானே தொட்டுப் பார்த்தார்.

"எப்போலேருந்து கால் இப்படி இருக்குய்யா?"

"நேத்துல இருந்து மரத்துப்போய்க் கிடக்கு. சுகர்காரனுக்கு இது உள்ளதுதானேன்னு விட்டுட்டேன்," என்றார் வன்னியப்பெருமாள். "ஃபேன் காத்து பட்டுக் குளிருதுன்னு நினைச்சுப் போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். அதான் அடிக்கடி பாத்து எழுதுதாங்களே, ஏதாவதுன்னா சொல்லமாட்டாங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

டாக்டர் ஓடி வந்தார். ரத்த ஓட்டத்தின் ஓசையைக் கேட்கும் மெஷின் வந்தது. தொடையில் ஓடிய ரத்தம் முழங்காலுக்குக் கீழே கேட்கவில்லை. ரத்தம் கட்டி அடைத்திருக்கிறது, உடனே தியேட்டருக்குக் கொண்டு போங்கள் என்றார் டாக்டர். கேஸ் ஷீட்டைப் புரட்டினார். 'உண்டு' என்று ஆறு இடத்தில் இருந்தது. அவர் தலையைத் தூக்கினார்.

"நேத்தே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தவர், பகவதி நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வார்டு அட்டெண்டரைக் காணோம். மாசானமே டிராலியை இழுத்து வந்தார். வன்னியப்பெருமாளை அக்குளுக்கும் இடுப்புக்கும் கைகொடுத்து ஒரே தூக்கில் மாற்றினார். அந்தக் கை மட்டும் எதையும் மறந்திருக்கவில்லை.

டிராலி நகர்ந்தபோது வன்னியப்பெருமாள் மேலே பார்த்தபடி, "போலாம், ரைட்!" என்றார். பிறகு பகவதியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

மதியம் போனது. தியேட்டர் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் பகவதி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு செருப்பு இருந்தது. வலது கால் செருப்பு மட்டும்.

சற்றுத் தள்ளிச் சுவரோரம் மாசானம் நின்றார். தாஹிரா அவர் அருகில் நின்றார். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை.

பகவதிதான் முதலில் பேசினாள். யாரைப் பார்த்தும் பேசவில்லை.

"முதக் கால் எடுத்ததும் இதே கதவுக்கு உள்ளதான். நான் இதே பெஞ்சில இருந்தேன். எடுத்த காலைக் குழி தோண்டிப் புதைக்கணும், எங்கிட்டக் குடுத்துருங்கன்னு கேட்டேன். ஒரு அட்டெண்டர் அண்ணாச்சி கொண்டாந்தாக. வேற ஆளா இருந்தா பையில போட்டு நீட்டியிருப்பாங்க. அவுக ரத்தமெல்லாம் போகக் கழுவி, துடைச்சு, வெள்ளைத் துணியில சுத்தி, ரெண்டு கையாலயும் ஏந்தி என் கையில வச்சாக. பச்சப்பிள்ளையக் குடுக்க மாதிரி. அதுக்கப்புறம்தான் எனக்கு அழுகையே வந்துச்சு."

மாசானம் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"முகம் பாக்கல. மூக்கு வாயெல்லாம் மூடியிருந்தாக," என்றாள் பகவதி. இப்போது அவள் மாசானத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க இங்க வேலை பாத்தவுகன்னு நர்ஸம்மா சொன்னாக. அவுகளத் தெரியுமா உங்களுக்கு? இன்னும் இருக்காகளா? அவுக வார்டுல இருந்திருந்தா இந்தக் காலைத் தொட்டுப் பாத்திருப்பாக."

மாசானம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் தானாகத் திறந்தது.

"பெருவிரல்ல... நகத்துக்குப் பக்கத்துல ஒரு பழைய தழும்பு இருந்துச்சா?"

"பஸ் படி நசுக்கின தழும்பு," என்றாள் பகவதி. "அது உங்களுக்கு எப்படி..."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு செருப்பை எடுத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கதவின் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

திட்டியிருந்தால் மாசானம் தாங்கியிருப்பார். அவர் தாஹிராவைப் பார்த்தார். தாஹிராவுக்கும் இது புதுச் செய்திதான்.

"முந்நூத்தி நாலுல எத்தனை பேரைத் தொட்டீங்க?" என்று கேட்டார் தாஹிரா. மெதுவாகத்தான் கேட்டார்.

"முதல் வருஷம் எழுதின எல்லாரையும் தொட்டேன், மேடம். ரெண்டாவது வருஷம் பாதிப் பேரை." அவர் நிறுத்தினார். "இந்த வருஷம் யாரையும் இல்லை."

"ஏன்?"

"பாடம் நிறைய ஆயிடுச்சு."

மணி மூன்றே முக்கால். அலுவலகம் கீழ்த்தளத்தில், படியிறங்கினால் இரண்டு நிமிடம். படிவம் மாசானத்தின் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதை வெளியே எடுத்தார். பிரிவு என்ற கட்டம் காலியாக இருந்தது. ஆசிரியர் கையெழுத்து என்ற கட்டமும் காலி. வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது.

"மேடம், இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

தாஹிரா சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

"கதவு திறக்கட்டும். கால் அவரோட வந்தா, நாலு மணி தாண்டியிருந்தாலும் படிவத்தைக் கொண்டு வாங்க. உங்களோட நானும் கீழே வந்து கேட்கிறேன். கால் மட்டும் தனியா வந்தா..."

அவர் பகவதியின் மடியைப் பார்த்தார். பிறகு மாசானத்தின் கைகளைப் பார்த்தார்.

"தனியா வந்தா உள்ளே போங்க. அதைக் கழுவி அந்த அம்மா கையில கொடுக்க இங்க வேற யாருக்கும் தெரியாது."