யார் சுத்தறதுன்னு தேடிப் போன நெருப்பு

லாரிங்களுக்கு வாய் இருந்த காலம் அது. நெருப்புக்கும் இருந்துச்சு. அப்பல்லாம் நெருப்பு எஞ்சினை விட்டு வெளிய வராது. மொத லாரி கட்டுனப்பவே அது பேசி முடிச்சிருச்சு: "காட்டை விட்டுட்டு வர்றேன். ஆனா சக்கரத்தைச் சுத்தறது நானாத்தான் இருக்கணும். நான் சும்மா கெடக்கறப்ப சக்கரம் சுத்துச்சுன்னா, சுத்தறது யாருன்னு பாக்க வருவேன்."

ஒருநாள் செங்கோடன்னு ஒரு டிரைவர் பஞ்சுப் பொதி ஏத்திக்கிட்டு மலை எறங்கினான். அடிவாரத்துல அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தணும். நல்ல நேரம் பன்னண்டோட முடியுது. மணி இப்பவே பதினொண்ணரை.

"ரெண்டாவது கியர்லயே உருட்டுனா, போய்ச் சேரறதுக்குள்ள புள்ள கல்யாணமே முடிஞ்சிரும்"னான். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினையும் நிறுத்திட்டான்.

"வேண்டாண்ணா"ன்னுச்சு லாரி. "உள்ள இருக்கறது முழிச்சுக்கிச்சு."

"முழிக்கட்டும். லீவு குடுத்தாக் கசக்குதாமா?"

வண்டி பறந்துச்சு. காத்துச் சத்தம் மட்டுந்தான். கொஞ்ச நேரத்துல அவன் காலுக்கடியில யாரோ கதவு தட்டற மாதிரி ரெண்டு தட்டு. அப்புறம், விருந்துக்கு வந்தவங்க மாதிரி பதவிசா ஒரு குரல்.

"டிரைவரே, சக்கரம் சுத்துதே. நீயா சுத்தற?"

செங்கோடன் குனிஞ்சு காலுக்கடியில பாத்தான். "நா... நான் இல்லீங்க."

"லாரியா?"

"நானும் இல்லீங்க"ன்னுச்சு லாரி.

"செரி, நானே போய்ப் பாத்துக்கறேன்."

அது கால் வெச்சிருந்த பலகைக்கு அடியில நடந்து பின்னால போறது அவன் பாதத்துக்குத் தெரிஞ்சுச்சு. பயந்து பிரேக்கை மிதிச்சான். மிதிச்ச பெடல் மேல வரலை, வண்டியும் நிக்கலை. பின் சக்கரத்துலருந்து கருகல் நாத்தம்.

"இங்க யாரையும் காணோமே"ன்னுச்சு குரல். "மேல ஏறிப் பாக்கறேன்."

மேல இருந்தது பஞ்சு.

"அண்ணா, குதிச்சிரு"ன்னுச்சு லாரி. "நான் பாறையில சாஞ்சுக்கறேன். புள்ள காத்துக்கிட்டிருக்கும், போ."

குதிச்சான். லாரி பாறையில உரசி நின்னுச்சு. உள்ள நெருப்பு ஒவ்வொரு பொதியாப் பிரிச்சு, "நீயா? நீயா?"ன்னு கேட்டுக்கிட்டே போச்சு. கடைசியா லாரியோட வாய்கிட்ட வந்துச்சு. லாரி பதில் சொல்லலை.

செங்கோடன் நடந்தே போய்ச் சேர்ந்தப்ப மணி ரெண்டு. நேரம் தப்பினாலும் பரவால்லன்னு அக்கா காத்திருந்தா. "மாமன் மடியில உக்காரு கண்ணு"ன்னா. புள்ள உக்காந்த வேகத்துல எந்திரிச்சுருச்சு.

"அம்மா, மாமா மடி சுடுது."

அதுலருந்துதான் லாரிங்க வாயைத் தெறக்கறதில்ல. ரோட்டுல லாரிங்க தீப்பிடிச்சு நிக்கறதும் அதுக்கப்புறந்தான். சக்கரத்தைச் சுத்தற அந்த ஆளை நெருப்பு இன்னும் கண்டுபிடிக்கல.