ஐந்தும் ஆறும் எத்தனை நாள்?

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டைக் கரிகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். சிம்மாசனம் இருந்தது, உட்காரத்தான் அவனுக்குப் பொறுமை இல்லை. நடந்துகொண்டே தீர்ப்புச் சொல்வான். அவையினர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடுவார்கள்.

ஒருநாள் கடல் வணிகன் ஒருவன் தாம்பாளம் அளவில் மிதக்கும் இலை ஒன்றைக் காணிக்கை தந்தான். "தினம் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும் மகாராஜா!"

ராஜா அதை அரண்மனைக் குளத்தில் விடச் சொன்னான். "குளம் முழுக்கப் பச்சையாகும் அன்று என் மாமனாருக்கு விருந்து. எந்த நாள்? சீக்கிரம் சொல்லுங்கள், ஓலை போகணும்!"

குளத்தைப் பராமரிக்கும் மருதாயி தலை நிமிராமல் பேசினாள். "குளத்தில் கயிறு கட்டிப் பிரித்த கட்டம் அறுபத்துநாலுங்க. கட்டத்துக்கு முப்பத்திரண்டு இலை கொள்ளும். ஓர் இலை முப்பத்திரண்டாக ஐந்து தடவை இரட்டிக்கணும், ஐந்து நாள். ஒரு கட்டம் அறுபத்துநாலாக ஆறு தடவை, ஆறு நாள்..."

அவள் முடிப்பதற்குள் அவைக்கணக்கர் சொக்கநம்பி பாய்ந்தார். "ஐயாறு முப்பது! முப்பதாம் நாள் விருந்து!"

"இல்லீங்க ஐயா. பெருகுவது இலை. நாளைக் கூட்டத்தான் வேணும். ஐந்து நாள் முடிந்த பிறகுதானே அந்த ஆறு நாள் தொடங்குது? பதினொன்று."

"குளக்கரை கூட்டுகிறவளுக்குக் கூட்டல்தானே தெரியும்!"

அவை சிரித்தது. ராஜாவுக்கோ பதினொன்று பிடித்துவிட்டது, அதுதானே சீக்கிரம் வரும்! "ஓலை போகட்டும். அன்று வெறுங்குளம் தெரிந்தால், மருதாயி, நீ இந்த நாட்டிலேயே இருக்கக்கூடாது. நிரம்பினால், கணக்கரே, குளத்துவேலை உமக்கு."

ஐந்தாம் நாள் சரியாக ஒரு கட்டம் மூடியது. ஒன்பதாம் நாள் பதினாறு கட்டம். சொக்கநம்பி குடை பிடித்துக்கொண்டு வந்தார். "முக்கால் குளம் தண்ணீர்! மூட்டை கட்டிட்டியா மருதாயி?"

அவள் இரண்டு தடவை கட்டி, இரண்டு தடவை அவிழ்த்திருந்தாள்.

ராஜா குளத்தை நாலாம் சுற்றுச் சுற்றினான். "மாமனார் ஆற்றைக் கடந்துவிட்டாராம்! என்ன செய்வேன்?"

"கால் குளம் முழுசாக இரண்டு தடவை இரட்டித்தால் போதும் மகாராஜா. பதினொன்றில் இரண்டு போனால் ஒன்பது. இன்று ஒன்பதாம் நாள்தானே?" மருதாயியின் குரல் நடுங்கியது, கணக்கு நடுங்கவில்லை.

மறுநாள் பாதி. அதற்கடுத்த காலையில் மேளம் முழங்க வந்த மாமனார் கைத்தடியால் பச்சையைக் குத்திப் பார்த்தார். "அடியில் தண்ணீர் இருக்கா மாப்பிள்ளை?"

ராஜா முதல்முறையாகப் படிக்கட்டில் உட்கார்ந்தான். "மருதாயி, இதில் எத்தனை இலையோ அத்தனை குளங்கள் இருந்தால்? ஒரே இலையில் தொடங்கி அத்தனையும் நிரம்ப எத்தனை யுகம் ஆகும்?"

"இதைப்போல இருமடங்கு நாளுங்க. இருபத்திரண்டு."

ராஜா துள்ளி எழுந்தான். "நாடே மூடிப்போகுமே! கணக்கரே, இறங்கி அள்ளும்! இனி இங்கே நாள் குறிப்பவள் மருதாயிதான்!" தன் முத்துமாலையை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தான்.

சொக்கநம்பி பொழுதுசாயும்வரை அள்ளிப் பாதிக் குளத்தைக் காலி செய்தார். விடிந்தால் மறுபடி முழுக்குளம். மூன்றாம் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி கெஞ்சினார்: "அம்மா மருதாயி, தினம் பாதி அள்ளுகிறேனே, என்றைக்கு முடியும்?"

மருதாயி இப்போது தலை நிமிர்ந்தாள். "பாதி அள்ளினால் ஒரு நாள் கழியுங்க ஐயா. விடிந்தால் அந்த ஒரு நாள் கூடிடும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

அவர் இன்னும் போட்டுக்கொண்டும் அள்ளிக்கொண்டும் இருக்கிறாராம்.