கறையானை நம்பிய ஓலைநாயகர்

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை, விடிந்து ஏழு நாழிகை. மேல்காற்று தெருப்புழுதியை வாரி வந்து அரண்மனைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புழுதியோடு சபைக்குள் வந்து நின்றாள் மாடு மேய்க்கும் பேச்சாயி.

அவள் வழக்கு எளியது. செம்பியூர் மந்தைவெளியை, ஊர் ஓலைகளைக் காக்கும் ஓலைநாயகரின் மைத்துனர் வேலி போட்டு வளைத்துக்கொண்டார். வேறு மேய்ச்சல் இல்லாமல் மாடுகள் எலும்பும் தோலுமாயின. மந்தைவெளி ஊருக்குப் பொது என்று பழைய அரசர் முத்திரையிட்ட ஓலை ஊர்ப்பெட்டியில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"என்ன பதில் சொன்னார்கள்?" என்றார் அரசர் வீரகேசரி.

"விண்ணப்பம் எழுதிக்கிட்டு வான்னாங்க, சாமி. கொண்டுபோனேன். ஓலை நீளம் பத்தாதுன்னாங்க. நீளமாக் கொண்டுபோனேன். சாவி வெச்சிருக்கிற ஓலைநாயகரு சம்பந்தி வீட்டுக்குப் போயிட்டாருன்னாங்க. அவரும் வந்து சேர்ந்தாரு. 'உனக்குப் படிக்கவா தெரியும்? ஓலை எதுக்கு?'ன்னு கேட்டாரு."

அரசரின் அருகில் அமர்ந்திருந்த அவைப்புலவர் குழைக்காதருக்கு இவ்வகை மனிதர்களை நன்றாகத் தெரியும். ஊர்ச்சொத்தைப் பூட்டி வைத்துவிட்டு, அந்தப் பூட்டைத் தம் பாட்டன் சம்பாதித்ததுபோலத் தடவிக்கொண்டிருப்பவர்கள்.

ஓலைநாயகர் ஆபத்சகாயர் பெட்டியோடு வரவழைக்கப்பட்டார். பெயரில் இருந்த சகாயம் முகத்தில் இல்லை.

"என்ன சொல்வேன், அரசே! அந்த ஓலையைக் கறையான் தின்றுவிட்டது. ஓலை இல்லையென்றால் உரிமையும் இல்லையே!"

"மற்ற ஓலைகள்?" என்றார் குழைக்காதர்.

"நலமாக இருக்கின்றன, புலவரே."

"ஆக, மந்தைவெளி ஓலையை மட்டும் தேடிப் பிடித்துத் தின்றிருக்கிறது. படித்த கறையான்!"

சபை சிரித்தது. ஆபத்சகாயருக்குச் சுருக்கென்றது.

"மற்றவை எண்ணெய் பூசியவை. அது எண்ணெய் காணாதது. அப்படிப்பட்ட ஓலை எதை உள்ளே வைத்தாலும் விடிவதற்குள் பொடிதான். பெட்டிக்குள் புற்றே கட்டியிருக்கிறது!"

பொய்க்கு இவர் இத்தனை முட்டுக் கொடுப்பார் என்று குழைக்காதரே எதிர்பார்க்கவில்லை. அரசரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அரசர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓலைநாயகரே, சென்ற மாதம் உமக்கு நிலமானியம் தந்தோமே, அந்த ஓலைக்கு எண்ணெய் பூசிவிட்டீரா?"

"இன்னும் இல்லை, அரசே."

"நல்லது. மானியத்தை இரட்டிப்பாக்கலாமா என்று யோசிக்கிறோம். அந்த ஓலையை இன்றிரவு ஊர்ப்பெட்டியில் வையும். காலையில் எடுத்து முத்திரையிடுவோம். ஓலை அழிந்தால் மானியமும் போய்விடும். நீர் சொன்ன நியாயம்தான்."

இரட்டிப்பு என்ற சொல்லுக்குப் பிறகு ஆபத்சகாயரின் காதில் எதுவும் ஏறவில்லை. வீட்டுக்கு ஓடினார், மேலாடை காற்றில் பறக்கத் திரும்பி வந்தார். பெட்டியைச் சற்றே திறந்து, ஓலையை உள்ளே வைத்து, மூடியை அன்போடு தட்டிக் கொடுத்தார். வாயெல்லாம் பல்.

குழைக்காதர் எழுந்தார்.

"பார்த்தீர்களா, அரசே! குடும்பத்தின் சோற்றையே கொண்டுவந்து புற்றுக்குள் வைத்துவிட்டு ஒருவர் சிரிக்கிறார். பெட்டியில் கறையான் இல்லை என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?"

சிரிப்பு அப்படியே உறைந்தது. மூடியைத் திறந்தார்கள். புற்றும் இல்லை, பூச்சியும் இல்லை. ஆபத்சகாயர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அரசமுத்திரை இட்ட ஓலையை அழித்தால் தலை போகும் என்று அஞ்சி, என் வீட்டு நெற்குதிருக்குள் ஒளித்து வைத்தேன், அரசே!"

"அப்படியானால் அந்தக் கறையானுக்கு இரண்டே கால்கள்தாம்" என்றார் குழைக்காதர். அரசர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"புலவரே, என்ன பரிசு வேண்டும்?"

"ஊர்ப்பெட்டி சந்தையில் திறந்தே இருக்கட்டும். கேட்பவர்க்கெல்லாம் ஓலைநாயகரே படித்துக் காட்டட்டும்."

மறுநாள் காலை மைத்துனர் தாம் நட்ட முள்வேலியைத் தம் கையாலேயே பிடுங்கினார். யோசித்து முடித்த அரசர், மானியத்தைப் பாதியாக்கி முத்திரையிட்டார். சந்தையில் திறந்த பெட்டியோடு உட்கார்ந்திருந்தார் ஆபத்சகாயர். மாடுகளை மந்தைவெளிக்கு ஓட்டிப்போன பேச்சாயி வழியில் நின்று ஓலையைக் கேட்டாள்.

"நாளைக்கு வா" என்று பழக்கத்தில் சொன்னவர், ஒரு காளையின் முதுகில் கைவைத்தபடி நின்ற குழைக்காதரைக் கண்டதும் அவசரமாக ஓலையை எடுத்து நீட்டினார்.

பேச்சாயி வாங்கவில்லை.

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, சாமி. நீங்களே படிங்க. மாட்டுக்கும் கேக்கணும், கொஞ்சம் சத்தமா!"