தக்காளி விதை எச்சிலைப் போர்த்திக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், விதைகளுக்கும் காது இருந்தபோது, தக்காளி விதை மிளகாய் விதையைப் போல வெறும் மேனியாகத்தான் இருந்தது. யார் "எழுந்திரு" என்றாலும் முளைத்துவிடும். அவ்வளவு வெகுளி.

சிலம்பாயி வீட்டுக் கழுநீர் விழும் இடத்தில் ஒரு தக்காளிச்செடி நின்றது. மழை பொய்த்த அந்த ஆண்டில் ஊரிலேயே மிஞ்சியது அது ஒன்றுதான். அதுவும் வாடத் தொடங்கியபோது தன் ஒற்றைப் பழத்தைக் காட்டிச் சொன்னது:

"அக்கா, இதப் பறிச்சு உள்ள வையி. மழை விழுந்ததும் மண்ணுல போடு. உன் பிள்ளைக்கு ஊட்டுற சாக்குல என் பிள்ளைங்களத் தின்னுடாத, ஆமா!"

"போடி இவளே, நானும் பிள்ளை பெத்தவதான்" என்று சிரித்துக்கொண்டே பறித்த சிலம்பாயி, தொட்டிலுக்குப் பக்கத்து உறியில் அதை வைத்தாள்.

தொட்டிலில் அவளுடைய எட்டு மாத மகள் பவளம். தினமும் காலையில், "எந்திரி கண்ணு, எந்திரி பொன்னு, விடிஞ்சு போச்சு" என்று பாடித்தான் எழுப்புவாள். உறியில் இருக்கும் செடியின் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பத்தாம் நாள் காலையில் இடி இடித்தது. ஆசையாகப் பழத்தைப் பிட்டவள், வீலென்று அலறிக் கீழே போட்டுவிட்டாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழுக்கூட்டம். இல்லை, புழு இல்லை. விதைகள். பழத்துக்குள்ளேயே முளைவிட்டு, வெளியே வர வழியில்லாமல், ஒன்றையொன்று நெரித்துச் செத்துக் கிடந்தன.

அவள் பாட்டுதான். வேறு யார் எழுப்பியிருப்பார்கள்?

உறைந்து நின்ற அந்த ஒரு கணத்தில், தரையில் தவழ்ந்த பவளம் விழுந்த துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். சத்தமே இல்லை. முகம் மட்டும் நீலம் பாரித்தது. சிலம்பாயி பிள்ளையைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். அடைத்திருந்த துண்டோடு வழுவழுவென்று எச்சில் திரண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. பிறகுதான் அழுகை வந்தது. அந்த அழுகையோடுதான் அவளுக்கும் மூச்சு வந்தது.

கையில், எச்சிலுக்குள், ஒரே ஒரு விதை. பிந்தி எழும் கடைக்குட்டி. பிள்ளையின் இத்தனை அழுகைக்கும் அது விழிக்கவில்லை. எச்சில் காதை அடைத்திருந்தது.

செடியிடம் ஓடினாள்.

"ஒண்ணுதானா அக்கா?"

"நான்தான்டி... நானே எழுப்பிக் கொன்னுட்டேன்."

செடி சொன்னது: "இத எழுப்பாத. எச்சிலுக்குள்ளயே தூங்கட்டும். அது தானா புளிச்சுக் கழண்டாத்தான் மண்ணு." சொல்லிவிட்டுச் சாய்ந்தது.

சிரட்டைத் தண்ணீரில் விதையை வைத்து மூன்று நாள் காத்திருந்தாள். பிள்ளை கக்கிய பால் போலப் புளித்த வாடை வந்தது. எச்சில் கழன்றது. அலசி, சாம்பலில் புரட்டி, மழை ஈரத்தில் ஊன்றினாள். குனிந்து, "எந்திரி கண்ணு" என்றாள். அது எழுந்தது.

அன்று தொட்டுத்தான் தக்காளி விதை ஒவ்வொன்றும் பிள்ளை எச்சிலைப் போர்த்திக்கொண்டு பிறக்கிறது. விதை எடுப்பவர்களும் அதை மூன்று நாள் புளிக்கவிடுகிறார்கள். அந்த வாடைக்கு மூக்கைப் பொத்தக் கூடாது. ஒரு பிள்ளைக்கு மூச்சுத் திரும்பிய வாடை அது.