துளசிமணி வாயசைக்கிறாள்

"அந்தம்மாவ வாய மூடச் சொல்லுங்க, வாத்தியாரம்மா."

சொன்னவர் சென்னியப்பன். மில் காலனி நாடகத்தில் அவருக்கு ராஜா வேஷம். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜாவானது அதற்குப் பிறகுதான். தோரணை மட்டும் முன்பே வந்துவிட்டது.

மரகதம் அட்டைக் கிரீடத்துக்கு ஜிகினாத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். காலையில் பால் பூத், சாயங்காலம் ஒத்திகை என்று இருப்பவள். ராஜாவைவிட வயதில் நன்றாகவே இளையவள். இருந்தாலும் நாடகம் சொல்லிக்கொடுப்பதால் காலனிக்கே அவள்தான் வாத்தியாரம்மா.

"யாரைச் சொல்றீங்கண்ணா?"

"துளசிமணியத்தானுங்க. நான் வசனம் பேசறப்பெல்லாம் அது கூடவே வாயசைக்குது."

துளசிமணிக்கு மில்லில் ஸ்பின்னிங் வேலை. நாடகத்தில் அவளுக்கு ஒரே ஒரு வசனம். போரில் தோற்றுத் தாகத்தோடு காட்டில் அலையும் ராஜாவிடம் செம்பை நீட்டி, "தண்ணீர் குடியுங்கள், ஐயா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ராஜா பேசுவார். பேசிக்கொண்டே இருப்பார். துளசிமணியின் உதடுகள் ஒரு சொல்லையும் விடாமல், சத்தமே இல்லாமல், கூடவே வரும்.

"நீங்க பேசறப்ப அவுங்களப் பாப்பீங்களாண்ணா?"

"நான் எதுக்குங்க அதப் பாக்கறேன்? நான் ஜனங்களப் பாத்துப் பேசறவன்."

"அப்பறம் எப்படித் தெரிஞ்சுது?"

"பேரன் ஒத்திகைய செல்லுல புடிச்சிருந்தான். அதுல பாத்தேன். மானமே போச்சுங்க. எவனாச்சும் பாத்தா, நான் மறந்துட்டேன், அதுதான் எடுத்துக் குடுக்குதுன்னு நெனைக்க மாட்டானா?"

"எடுத்துக் குடுக்க ஒரு ஆள திரைக்குப் பின்னால வேணா நிறுத்தட்டுங்களா?"

"எனக்குங்களா!" சென்னியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு எழுத்துப் பிசகாதுங்க எனக்கு. ஒண்ணு அது இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும். பாத்துக்குங்க."

மரகதம் ஜிகினாத்தாளைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள்.

"சரிங்கண்ணா. நாடகத்தன்னிக்கு அவுங்க வாயசைஞ்சா, அடுத்த வருசம் அவுங்களுக்கு வேசமில்ல. போதுங்களா?"

"போதும்."

"நீங்களே போய் அவுங்ககிட்டச் சொல்லீருங்க."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் போனார்.

துளசிமணி செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாடகத்துக்காக அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்பு அது. அவர் சொன்னதைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

"வேணும்னு பண்றதில்லீங்க, சார். மில்லுச் சத்தத்துல வாயசைச்சே பேசிப் பழகிருச்சு. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

தெரியும். ஸ்பின்னிங் மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சென்னியப்பனும் சூப்பர்வைசர் ஆகும்வரை அங்கே நின்றவர்தான். அதை இப்போது அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

"அதுவுமில்லாம, நீங்க பேசறது நெம்ப நல்லாருக்குங்க. என்னையறியாம கூடவே வந்துருது. வேசத்த மட்டும் எடுத்தராதீங்க, சார். வருசம் பூரா இத நெனச்சுட்டுத்தான் மெசினுக்கிட்ட நிக்கறேன்."

"அப்ப வாய மூடிக்கோ."

"சரிங், சார்."

அன்றிலிருந்து ஒத்திகையில் துளசிமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். உதடு அசையவில்லை. கண்தான் கலங்கியது. அது செல்போனில் தெரியாது என்பதால் சென்னியப்பன் ஆட்சேபிக்கவில்லை.

பொங்கல் விழா வந்தது. மைதானம் நிறையச் சனம். இடம் பிடிக்கப் பாயும் நாற்காலியும் மத்தியானமே வந்துவிட்டன. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள்கூட வந்திருந்தார்கள். ராஜாவின் சம்பந்தி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ராஜா போரில் தோற்றார். காட்டில் அலைந்தார். துளசிமணி செம்போடு வந்தாள்.

"தண்ணீர் குடியுங்கள், ஐயா."

ராஜா குடித்தார். செம்பை உயர்த்தினார். சம்பந்தியைப் பார்த்து முழங்கினார்.

"பெண்ணே!"

அடுத்த வரி வரவில்லை.

ஏன் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. விக்கல் எதற்கு வந்தது என்று யாருக்குத் தெரியும்? அது மாதிரிதான். காலையில் குளிக்கும்போதுகூட ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்ன வசனம். இப்போது துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"பெண்ணே!" என்றார் மறுபடியும்.

முன்வரிசையில் சம்பந்தியின் கால் கீழே இறங்கியது. எங்கோ ஒருவன் சிரித்தான்.

ராஜா திரையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. வேண்டாம் என்றது அவர்தான்.

அப்புறம் துளசிமணியின் பக்கம் திரும்பினார். அத்தனை ஒத்திகையிலும் ஒருமுறைகூட அவர் திரும்பாத பக்கம் அது.

அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன.

சென்னியப்பனின் வாய் மெல்ல அசைந்தது. சத்தம் இல்லை. மெஷின்களுக்கு நடுவே பேசுகிற பேச்சு.

'சொல்லு.'

அவள் லேசாகத் தலையாட்டினாள். மாட்டேன். வேஷம் போய்விடும்.

'சொல்லு தாயி.'

துளசிமணி அவர் கண்களைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

முதல் சொல்லை அவர் படித்தார். சொன்னார்.

"அரசனென்று... அறிந்து கொடுத்தாயா?"

நிறுத்தினார். அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார். அது வந்தது.

"தாகமென்று... அறிந்து கொடுத்தாயா?"

வழக்கமாக அவர் கர்ஜிக்கிற இடம் அது. இப்போது கர்ஜிக்க முடியவில்லை. கண்ணை எடுத்தால் சொல் போய்விடும். அந்தக் களைத்த முகத்தையே பார்த்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"எதுவானால் என்ன... என் தொண்டை நனைந்தது... உன்னால். இதை மறந்தால்... நான் மனிதனல்ல."

கடைசி வரிக்கு அவருக்கு அவள் உதடு தேவைப்படவில்லை. அது தானாகவே வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது.

மைதானத்தில் கைதட்டல் எழுந்தது. அடங்க வெகுநேரம் ஆயிற்று. சம்பந்தி எழுந்து நின்று தட்டினார்.

நாடகம் முடிந்தது. மரகதம் ராஜாவின் மீசையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா. துளசி வாயசைச்சுருச்சுங்க."

"பாத்தேனுங்கண்ணா. பேசுன பேச்சுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? அடுத்த வருசம் அவுங்களுக்கு..."

"ஐயோ, அது மேல தப்பே இல்லீங்க!" பாதி மீசையோடு சென்னியப்பன் எழுந்துவிட்டார். "நாந்தான் கேட்டேன். அது மட்டும் வாயத் தொறக்கலீன்னா இன்னைக்கு நான் ஊர் முன்னால நின்னுருக்க முடியாது. அதுக்கு வேசம் போற மாதிரி இருந்தா என்னோட வேசத்த எடுத்துருங்க."

"எதுக்குங்கண்ணா கேட்டீங்க?"

அவர் தலை குனிந்தது.

"மறந்துட்டேனுங்க."

மரகதம் மிச்ச மீசையை ஒரே இழுப்பில் உரித்தாள்.

"அப்படீங்களா? மில்லுப் பேச்சு இன்னைக்குத்தான் உங்களுக்கு ஞாபகம் வந்துச்சுன்னு நான் நெனச்சேன்."