தூக்கத்தில் கூடிய கும்பகம்

மூச்சை உள்ளே நிறுத்தி வைப்பதற்குக் கும்பகம் என்று பெயர். பொதிகை மலை அடிவாரத்து ஆசிரமத்தில் அதைப் பழகத்தான் ஆட்கள் வந்து கிடந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழி பிதுங்க உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தருக்கும் லேசில் கைகூடவில்லை.

பேச்சிமுத்துவுக்கு மட்டும் தூக்கத்திலேயே கைகூடியது.

அம்பாசமுத்திரத்தில் செக்கு எண்ணெய்க் கடை வைத்திருந்தவர் அவர். ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு. மல்லாந்து படுத்தாரென்றால் குறட்டை கூரையைப் பிய்க்கும். பிறகு திடீரென்று நின்றுபோகும். மூச்சே இருக்காது. பக்கத்தில் படுத்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். போனது போனதுதான் என்று நினைக்கிற நேரத்தில் ஒரு பெரிய திணறலோடு மூச்சு திரும்பி வரும்.

"நாம மூக்கப் பிடிச்சுக்கிட்டுச் சாகுறோம். அவருக்குத் தானா வருது. எல்லாம் பூர்வ புண்ணியம்," என்றார் மூத்த சீடர் சுந்தரலிங்கம்.

அப்புறம் கேட்கவேண்டுமா? முன்வரிசையில் இடம் போட்டார்கள். காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பேச்சிமுத்துவுக்கும் முதலில் தலைகால் புரியவில்லை.

ஆனால் விடிந்தால் தலைவலி. தியானத்தில் உட்கார்ந்தால் கண் சொருகியது. சொருகிய கண்ணுக்குள் சிவன் வரவில்லை, சண்முகவடிவுதான் வந்தாள்.

வடிவு அவர் மனைவி. ராத்திரியெல்லாம் அவரை விலாவில் இடிப்பாள். "ஒருக்களிச்சுப் படுங்க, ஒருக்களிச்சுப் படுங்க" என்று உருட்டிவிடுவாள். ஒரு நாள் அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏட்டி, மனுசன நிம்மதியாத் தூங்கவே விடமாட்டியா?" என்று கத்திவிட்டு, விட்டது சனி என்று மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வடிவு வாசலில் நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. அழுதிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

இங்கே இடிக்க ஆளில்லை. அதற்குத்தான் மனசு ஏங்கியது. திணறி விழிக்கும்போதெல்லாம் கை தானாகப் பக்கத்தைத் தடவும். வெறும் தரை சில்லென்று கிடக்கும். அவள் வளையல் சத்தம் ஒருதரம் கேட்டால் போதும் என்று இருந்தது. திரும்பிப் போகலாம்தான். போய் நின்றால் சேர்ப்பாளோ மாட்டாளோ. காலில் விழுந்து கும்பிடுகிறவர்களிடம், பெண்டாட்டி நினைப்பு வாட்டுகிறது என்று சொல்லவும் வெட்கம்.

கடைசியில் குருவிடம் போனார். குரு அவரைவிட இளையவர், நாற்பதுகூட ஆகவில்லை. கத்தரிப் பாத்திக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி, எனக்குக் கும்பகம் கூடிட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. கூடியும் மனசு ஏன் வீட்டுக்கே ஓடுது?"

குரு குழாயை லேசாக மிதித்தார். தண்ணீர் புஸ்புஸ்ஸென்று சத்தம் போட்டுப் பீய்ச்சியது.

"இது என்னது?"

"வழி சுருங்கிட்டு சாமி. அதான் சத்தம்."

"தூங்கும்போது தொண்டை தளர்ந்துபோகும். மல்லாந்து படுத்தா நாக்கும் பின்னால சரியும். கழுத்துல சதை போட்டிருந்தா இன்னும் நெருக்கும். உங்க குறட்டை இதுதான்."

பிறகு அழுத்தி மிதித்தார். தண்ணீர் நின்றது. கிணற்றடியில் மோட்டாரின் இரைச்சல் மாறியது.

"இது?"

பேச்சிமுத்து செக்கு மோட்டாரோடு காலம் தள்ளியவர். "கால எடுங்க சாமி. மோட்டார் சூடாயி வீணாப் போயிரும்."

"உங்களுக்கு மோட்டார் எங்க இருக்கு?"

பேச்சிமுத்துவின் கை நெஞ்சுக்குப் போனது.

"அப்போ, அது கும்பகம் இல்லையா சாமி?"

"நீங்களா நிறுத்தினா கும்பகம். அதுவா நின்னா வியாதி. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு டாக்டர்ட்ட சொல்லுங்க. வைத்தியம் இருக்கு."

பேச்சிமுத்துவுக்கு நம்ப மனமில்லை. முன்வரிசை இடம் போகிறதே என்றும் இருந்தது.

"இத்தன வருசமா எனக்கு ஒண்ணும் ஆகலையே சாமி?"

"பக்கத்துல யாரு படுத்திருந்தா?"

"வடிவு. என் வீட்டுக்காரி. இடிச்சுக்கிட்டே இருப்பா சாமி. உருட்டி உருட்டி விடுவா. ஒரு ராத்திரிகூட என்னைத் தூங்க விட்டதில்ல."

குரு குழாயிலிருந்து காலை எடுத்தார்.

"அவங்க என்னைக்குத் தூங்குனாங்க?" என்று கேட்டார்.